வாகன மண்டபத்தில் ஒரு பாய்

திருவிழாவுக்கு மைக்செட் போடுவது எங்கள் குடும்பத் தொழில். கூம்பை எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தெரு வரைக்கும் கேட்கும், ஜெனரேட்டரை எங்கே நிறுத்தினால் அதன் இரைச்சல் மேளத்தோடு கலக்காது என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். ஆகவே நான் சத்தத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமி புறப்படும்போது மல்லாரி எழ, வீதி முழுக்க நிற்கும் சனம் ஒரே உடம்பாக நிமிர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த முழக்கமும் வழிபாடுதான். அதைத் தாங்க முடியாதவருக்கு அந்த வழிபாட்டில் இடம் உண்டா என்பதுதான் என் கேள்வி.

என் பேத்திக்கு ஆட்டிசம். வேட்டுச் சத்தமும், மைக் திடீரென்று கூவுவதும் அவளுக்கு உடம்பெல்லாம் அடியாக விழும். காதைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். பாவம் என்று யாராவது தூக்க வந்தால், அந்தத் தொடுகையும் சேர்ந்து வலிக்கும். அதே பிள்ளை சுருதிப் பெட்டியின் மேல் காதை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் இருப்பாள். ஒரே சீராக வருகிற ஒலி அவளுக்கு வேண்டியது; எப்போது வரும் என்று தெரியாத ஒலிதான் ஆகாது. ஒலி, ஒளி, தொடுகை இவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்வதை, ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் சேர்த்தது. பெற்ற தாய்க்கு அதற்கு முன்பே தெரியும்.

"பிள்ளைக்கு ஒத்துக்கலேன்னா வீட்டுலயே வச்சுக்க வேண்டியதுதானேப்பா" என்றார் விழாக் குழுவில் ஒரு பெரியவர். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அவள் சாயங்காலம் ஆனால் பாவாடையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள். அவளுக்குத் திருவிழா வேண்டும்.

சட்டத்துக்கும் எனக்கும் இங்கேதான் சின்ன வழக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதே ஆண்டு சென்னை வழக்கு ஒன்றில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். சரியான தீர்ப்பு. ஆனால் அது காப்பாற்றுவது, திருவிழா வேண்டாம் என்று கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பவரை. திருவிழா வேண்டும், அதன் இரைச்சல் மட்டும் முடியாது என்று வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு வாழ்வில் சமமாகப் பங்கேற்கும் உரிமையைச் சொல்கிறது. அதை ஒரு கோயிலில் எப்படி நடத்திக் காட்டுவது என்பதைக் கோயிலைச் சேர்ந்த நாம்தான் யோசிக்க வேண்டும்.

யோசித்தால் வழி கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. மூலவர் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. உற்சவர் எதற்காக வீதிக்கு வருகிறார்? படியேற முடியாதவருக்கும், படுக்கையில் கிடப்பவருக்கும் காட்சி கொடுக்கத்தான் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வர முடியாதவரை நோக்கித் தெய்வமே நகரும் என்பதுதான் திருவிழாவின் கொள்கை. கால் முடியாதவருக்காக நகரும் சாமி, காது முடியாதவருக்காகவும் நகரலாம்.

சிவன் கோயிலில் வடக்குப் பிராகாரத்தில், கோமுகி பக்கத்தில் சண்டிகேசுவரர் இருக்கிறார். அவர் சிவயோகத்தில் இருக்கிறார், ஓங்கிக் கைதட்டிக் கலைக்காதே என்று என் அப்பா என் கையைப் பிடித்து மெல்லத் தடவிக்காட்டச் சொல்லிக்கொடுத்தார். கோயிலில் இருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அதுவே போதும் என்பார். திருவண்ணாமலையில் 1896-இல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த ரமணர், முதலில் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல்லெறிந்து தொல்லை கொடுக்கவே, அங்கேயே கீழே இருக்கும் பாதாள லிங்கக் குகைக்குள் போனார். கோயிலை விட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை; அதே மதிலுக்குள் அவருக்கு ஒதுங்க ஓர் இடம் இருந்தது. ரமணரையும் என் பேத்தியையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. அத்தனை கூட்டம் கூடும் கோயிலிலும் ஒதுங்கி இருப்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்கிறேன்.

ஆனால் 'ஒதுங்கி' என்று எழுதும்போதே கை தயங்குகிறது. நம் கோயில் வாசல்களில் 'தள்ளி நில்' என்று சொல்லப்பட்ட வரலாறு நீளமானது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-இல்தான். எனக்கு அது மிகச் சமீபம். அதனால் தனியிடம் என்றதும் சந்தேகப்படுகிறவர்களை நான் மதிக்கிறேன். இரண்டுக்கும் இடையே உள்ள கோடு எது? தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும் என்பது என் முடிவு. பிள்ளை தானாக உள்ளே போய், தானாகத் திரும்பி வந்து கூட்டத்தில் நிற்க முடிந்தால் அது கோயிலின் ஒரு மண்டபம். 'அவளை அங்கே கொண்டுபோய் விடு' என்று மற்றவர் சொல்லத் தொடங்கிய அன்றே அது பழைய தீட்டாகிவிடும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

எங்கள் ஊரில் வாகன மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். கனத்த கருங்கல் சுவர், வாசல் வடக்கே. கூம்புகள் இருப்பது கிழக்கு வாசலில். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபல் குறையும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. கூம்பின் வாய் மண்டபத்தைப் பார்க்காமல் திருப்பிவிட்டால், கூர்மையான சத்தம் பெரும்பாலும் நேரே போய்விடும். தவிலின் கனத்த ஒலி மட்டும் வளைந்து உள்ளே வரும். அது இருக்கட்டும் என்றேன்; திருவிழா நடக்கிறது என்று தெரிய வேண்டுமே. மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டைக் கழற்றி, சுவரைப் பார்க்க ஒரு சின்ன பல்பு. மின்விசிறியின் டிக் டிக் சத்தம் போக எண்ணெய். உள்ளே சாம்பிராணி இல்லை, சீரியல் விளக்கு இல்லை. கோரைப்பாய், பானைத் தண்ணீர், மர மில்லில் மாட்டிக்கொள்ளும் காதுமூடிகள் சில. வாசலில் என் மகள் உட்கார்ந்திருப்பாள்; யாரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை. பால் கொடுக்க ஒரு பெண் வந்தாள். ஒற்றைத் தலைவலிக்காரர் ஒருவர் வந்தார். தவில்காரரே தனி ஆவர்த்தனம் முடித்து வந்து, காதுக்கு இது போதும் அண்ணே என்று சுவரில் சாய்ந்தார். பேத்தி குதிரை வாகனத்தின் விலாவில், பெயின்ட் உரிந்து மரம் தெரிகிற இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து தானாக வெளியே போய் தீபாராதனையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு மண்டகப்படி உண்டு. சாமி நின்று, ஆரத்தி ஏற்று, நைவேத்தியம் கண்டு நகர்வார். வாகன மண்டபத்து வாசலிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று குருக்களிடம் கேட்டேன். அங்கே வேட்டு இல்லை, தவில் இல்லை, கூம்பை நானே அணைத்துவிடுவேன். நாகசுரமும் சுருதியும் மட்டும். "மேளம் நிற்கலாமா என்பதைப் பெரியவாளிடம் ஒரு வார்த்தை கேட்டுடறேன், மத்தபடி தடை ஒண்ணும் தெரியல. நைவேத்தியம் என்ன வைக்கப் போறேள்?" என்றார். தயிர்சாதம் என்றேன், அவள் சாப்பிடுவது அது ஒன்றுதான். உபயத் தொகையைக் கட்டி ரசீது வாங்கியாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் எத்தனையாம் திருநாள் என்று குழு முடிவு செய்ய வேண்டும். குதிரை வாகனம் வெளியே போகாத நாளாகப் பார்த்துக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.