அக்காவின் சொல்லும் தங்கையின் மனச்சான்றும்

உடன்பிறந்தவர்மீது ஒருவர் கொண்ட பற்று, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்ற கடமையாக எந்தக் கட்டத்தில் மாறுகிறது, அப்படி மாறுவது நியாயம்தானா என்ற கேள்வி, மூத்தவர் யாரையும் எளிதில் ஈர்த்துவிடும் ஆளுமை கொண்டவராக இருக்கும்போது மேலும் கடுமையாகிறது. அத்தகைய அக்காவின் நிழலில் வளரும் தங்கை அவரை நேசிப்பதோடு நிற்பதில்லை. எது சரி, எது தவறு என்பதையே அவரிடமிருந்து கற்றுக்கொள்கிறார். ஆகவே பின்னாளில் கருத்து வேறுபாடு எழும்போது, அக்காவிடமிருந்து பெற்ற அளவுகோலைக் கொண்டே அக்காவை அளக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். இந்தச் சிக்கலை அதன் முழுக் கடுமையோடு காட்டும் வரலாறு, இங்கிலாந்தின் பேங்க்ஹர்ஸ்ட் சகோதரிகளுடையது.

மான்செஸ்டர் நகரில் 1880இல் பிறந்த கிறிஸ்டபெல், 1882இல் பிறந்த சில்வியா, 1885இல் பிறந்த அடேலா ஆகிய மூவரும், 1903 அக்டோபரில் தாய் எம்மெலின் தொடங்கிய 'பெண்கள் சமூக அரசியல் சங்கம்' என்ற அமைப்பில் உழைத்தவர்கள். வாக்குரிமைக்காகச் சட்டத்தை மீறவும் துணிந்த இச்சங்கத்துப் பெண்களை ஏளனம் செய்வதற்காக 1906இல் ஒரு நாளிதழ் சூட்டிய 'சஃப்ரஜெட்' என்ற பெயரை, அவர்கள் தங்கள் பெருமைக்குரிய பெயராகவே ஏற்றுக்கொண்டனர். அமைப்பின் மூளையாகவும் குரலாகவும் விளங்கியவர் கிறிஸ்டபெல். சட்டப் படிப்பில் முதல் வகுப்பில் தேறியும் பெண் என்பதால் வழக்கறிஞராக முடியாமல் போன அவர், 1905இல் அபராதம் கட்ட மறுத்துச் சிறை சென்றதன் மூலம், நாளிதழ்கள் பொருட்படுத்தாதிருந்த ஒரு கோரிக்கையை நாடே பேசும்படி செய்தார். அவர் மேடை ஏறினால் எதிர்க்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

ஓவியக் கலையில் தேர்ச்சி பெற்று, அதற்கான உதவித்தொகையில் வெனிஸ் வரை சென்று பயின்ற சில்வியா, தம் கலையை இந்த இயக்கத்துக்கு ஒப்படைத்தார். சங்கத்தின் சின்னங்கள், 1909இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியின் சுவரோவியங்கள், சிறை மீண்ட பெண்களுக்கு அணிவிக்கப்பட்ட பதக்க ஊசி ஆகியவை அவர் வரைந்து தந்தவை. தமக்கென்று அமைந்திருக்கக்கூடிய ஓர் ஓவிய வாழ்வை அவர் இழந்தார் என்பதில் ஐயமில்லை. எனினும் இந்த இழப்பை அக்காவுக்கான பலி என்று கொள்வது சில்வியாவைச் சிறுமைப்படுத்துவதாகும். அவர் கொடுத்தது, தாமே நம்பிய ஒரு கொள்கைக்கு. பற்றும் கொள்கையும் ஒரே திசையில் செல்லும் வரை அவற்றைப் பிரித்தறிய வேண்டிய தேவை எழுவதில்லை. அதனால்தான் பிரித்தறியும் பழக்கமும் வளர்வதில்லை.

1912 மார்ச்சில் கைதுக்குத் தப்பிப் பாரிசுக்குச் சென்ற கிறிஸ்டபெல், ஆளில்லாக் கட்டடங்களுக்கு இரகசியமாகத் தீ வைக்கும் போராட்ட முறையை அங்கிருந்தபடியே நடத்தினார். சில்வியாவுக்கு இதில் உடன்பாடில்லை. மக்களைத் திரட்டும் வெளிப்படையான போராட்டமே வழி என்று அவர் கருதினார். ஆயினும் வெளியே ஒரு சொல்லும் சொல்லாமல், லண்டனின் கிழக்குப் பகுதியில் உழைக்கும் பெண்களைத் திரட்டும் வேலையில் ஈடுபட்டார். இந்த மௌனம் அறமா, கோழைத்தனமா? சிறையில் தோழியர் குழாய் வழியே வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டுத் துன்புறும் வேளையில், தலைமையைப் பொதுவில் குறை சொல்வது எதிரிக்குத் துணைபோவதாகும் என்பதால், வெளியே பேசாதிருந்தது பிழையன்று. ஆனால் தமிழ் அறநூல்கள் 'இடித்துரைத்தல்' என்று குறிக்கும் கடமை, அதாவது அன்புக்குரியவர் வழி தவறும்போது அவர் முகத்துக்கு நேரே கண்டித்துச் சொல்லும் கடமை, அதனால் நீங்கிவிடுவதில்லை. நேசம் மிகுந்த தங்கைக்கே அது மற்றெவரையும்விட அதிகமாக உரியது.

முறிவு 1914 ஜனவரியில் வந்தது. விடுவிக்கப்பட்ட கைதியை உடல் தேறியதும் மீண்டும் பிடித்துச் செல்ல வகைசெய்ததால் 'பூனை-எலிச் சட்டம்' என்று அழைக்கப்பட்ட சட்டத்தின்கீழ்த் திரும்பத் திரும்பச் சிறைப்பட்டு, பட்டினிப் போராட்டங்களால் நலிந்திருந்த சில்வியா, அழைப்பை ஏற்று இரகசியமாகக் கடல் கடந்து பாரிசுக்குச் சென்றார். அக்கா ஒரு சிறிய பொமரேனியன் நாயை மடியில் வைத்துக் கொஞ்சியபடியே, கிழக்கு லண்டன் கிளை இனிச் சங்கத்தில் இல்லை என்று அறிவித்ததாகச் சில்வியா பின்னர் எழுதினார். அக்கிளை ஜனநாயக முறையில் இயங்கியதும், தொழிலாளர் இயக்கத்தோடு தோழமை கொண்டதும், எல்லோரும் ஒரே படையாக நடக்க வேண்டிய சங்கத்துக்கு ஒவ்வாதவை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

கிறிஸ்டபெல் தரப்பில் நியாயமே இல்லை என்று கூற முடியாது. காவல்துறையின் வேட்டைக்கு ஆளான ஓர் அமைப்புக்குக் கட்டுப்பாடு தேவை. தங்கை என்பதற்காகச் சலுகை காட்டாததும் ஒருவகை நேர்மையே. ஆயினும், பற்று செலுத்துபவரின் கடமைகளை மட்டும் ஆராய்ந்துவிட்டு, பற்றைப் பெறுபவரின் கடமையைப் பேசாது விடும் வழக்கமே இத்தகைய வாதங்களில் பெருங்குறை. பிறர் தம்மீது வைத்த நேசத்தால் ஒருவருக்குக் கிடைக்கும் அதிகாரம், தேர்தலாலோ சட்டத்தாலோ கிடைப்பதன்று. அதற்கு வரம்பிடும் விதியும் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அந்த வரம்பை வகுத்துக்கொள்ளும் பொறுப்பு, பெறுபவருடையதே. தங்கையின் உழைப்பை ஆண்டுக்கணக்காக ஏற்றுக்கொண்ட அக்கா, தங்கைக்குச் சொந்தமாகச் சிந்தனை தோன்றிய இடத்தில் அதைக் குற்றமாகக் கண்டது அறமாகாது. கடைசித் தங்கை அடேலாவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது: அதே ஆண்டில் ஒரு கப்பல் பயணச்சீட்டும் 20 பவுண்டும் தரப்பட்டு அவர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பணிந்தார். பணிந்தவரும் பணியாதவரும் ஒரே முடிவைத்தான் அடைந்தனர் என்பதால், பணிவு உறவைக் காக்கும் என்ற வாதம் இங்கே நிற்பதில்லை.

சில்வியா பிரிந்ததைத் துரோகம் என்று எந்த நோக்கிலும் கூற முடியாது. பெண்கள் தங்கள் விடுதலைக்குத் தாங்களே பேச வேண்டும் என்ற பாடத்தைக் கிழக்கு லண்டனின் ஏழைப் பெண்கள்வரை கொண்டுசென்றவர், அக்கா கற்பித்ததையே நிறைவேற்றினார். 1914 ஜூனில் பிரதமர் ஆஸ்குவித் அப்பெண்களின் தூதுக்குழுவைச் சந்திக்க இசைந்தது, சில்வியா நாடாளுமன்ற வாயிலில் உயிரைப் பணயம் வைத்துப் பட்டினி கிடக்கத் துணிந்ததன் பயன். சில வாரங்களில் முதல் உலகப் போர் மூண்டபோது தாயும் அக்காவும் அரசை ஆதரிக்க, சில்வியா போரை எதிர்த்தார். முன்னரே பிரிந்திராவிட்டால் அன்று தம் மனச்சான்றையா, அக்காவையா என்று அவர் தேர்ந்தெடுக்க நேர்ந்திருக்கும்.

ஆனால் பிரிந்தவருக்கும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. அதில் சில்வியாவின் நிலை அத்தனை உறுதியானதன்று. 1931இல் அவர் வெளியிட்ட இயக்க வரலாறு பல தலைமுறை வாசகர்களுக்குக் கிறிஸ்டபெல்லை அறிமுகப்படுத்திய நூலாக அமைந்தது. பாரிசுச் சந்திப்பின் அந்த நாய்க்குட்டி வரை பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருப்பது காயம்பட்ட தங்கை வரைந்த சித்திரமே. அது பொய்யென்று கருதக் காரணமில்லை. ஆயினும் முன்பு அளவுக்கு மீறி நேசித்தவரைப் பற்றி எழுதுகையில், ஏமாற்றம் தன் பங்கைக் கூட்டியே எழுதும் என்பதால், பிற்கால வரலாற்றாசிரியர் ஜூன் பர்விஸ் போன்றோர் அச்சித்திரத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது முறையானதே. கிறிஸ்டபெல்லின் சொந்த நூலோ, அவர் 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமான பிறகு, 1959இல்தான் அச்சேறியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தங்கையின் நூலே களத்தில் இருந்த நிலையில், அக்காவின்மீது தீர்ப்புச் சொல்ல முனையும் எவரும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது, சில்வியாவுக்கும் செய்யும் நீதியாகும்.