காலிச் சட்டகங்கள்

அமெரிக்காவின் போஸ்டன் நகரில் இரண்டு கலை அருங்காட்சியகங்கள் ஒன்றிலிருந்து ஒன்று சில நிமிட நடைத் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, 1870ல் நிறுவப்பட்ட நுண்கலை அருங்காட்சியகம். சேகரிப்பில் ஏறத்தாழ 5 லட்சம் பொருட்கள். மற்றொன்று, இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற செல்வந்தப் பெண்மணி வெனிஸ் மாளிகையைப் போலக் கட்டி 1903ல் திறந்தது. 'ரெண்டுல எது பெஸ்ட்?' என்பது அங்கே போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ரசனையைப் பற்றிய கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருப்பதாக நினைக்கிறேன்: நம் கையில் இருக்கும் ஒரு பொருள் விஷயத்தில் நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்?

கார்ட்னர் 1924ல் இறந்தார். அவரது உயில் கறாரானது. தான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும். மாற்றினால் மொத்தத்தையும் விற்றுப் பணத்தை ஹார்வர்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் அங்கே டிஷியனின் ஓவியத்துக்குக் கீழே இன்றும் அவருடைய கவுனிலிருந்து வெட்டிய பட்டுத்துணி தொங்குகிறது. படங்களுக்குப் பக்கத்தில் விளக்கச்சீட்டு கிடையாது. ஒருத்தர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கூச்சம் வருகிறது. எனக்கு அது பிடிக்கும்.

பெரிய மியூசியத்தில் எல்லாவற்றுக்கும் நாடு, நூற்றாண்டு, எண் உண்டு. அங்கே 1917 முதல் 1947ல் இறக்கும்வரை இந்தியக் கலைப்பிரிவில் பணியாற்றியவர், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலைப்பொருட்கள் மியூசியத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல, வழிபாட்டுக்கும் வாழ்க்கைப் பயன்பாட்டுக்கும் செய்யப்பட்டவை என்று அங்கே இருந்துகொண்டே எழுதினார் அவர். தன்னையே கேள்வி கேட்பவருக்கும் அந்த இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது.

1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் உடையில் வந்த இருவர் கார்ட்னர் மியூசியத்திலிருந்து 13 கலைப்பொருட்களைத் திருடிச் சென்றார்கள். அவற்றில் ஒரு வெர்மீர். ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடற்காட்சி. இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஓவியங்களின் காலிச் சட்டகங்கள் சுவரில் அப்படியே தொங்குகின்றன, திரும்பி வரும் என்ற நம்பிக்கையின் அடையாளமாக.

2006ல் நுண்கலை அருங்காட்சியகம் 13 தொல்பொருட்களை இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்தது. எண் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். 2011ல் ஒரு ஹெர்குலிஸ் சிலையின் மேல்பாதி துருக்கிக்குப் போய், அங்கிருந்த கீழ்பாதியோடு சேர்ந்தது.

இந்த இரண்டு பதின்மூன்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தன்னிடமிருந்து போனதற்காகச் சுவரைக் காலியாக விட்டுக் காத்திருப்பது அன்பு. தன்னிடம் வரக்கூடாமல் வந்ததை அனுப்பிவைப்பது நீதி. முன்னது உயிலோடும் ஒத்துப்போகும். பின்னதற்கு, நேற்று செய்த ஏற்பாட்டை இன்று மாற்றும் சுதந்திரம் வேண்டும். 'எதையும் தொடாதே' என்ற விதி அழகைக் காப்பாற்றும். தவறு ஒன்று தெரியவந்தால் அதைத் திருத்த வழிவிடாது. இறந்தவரின் சொல்லை மதிக்க வேண்டியதுதான். ஆனால் பொருளை இழந்து நிற்கும் உயிருள்ளவரின் சொல்லுக்கு மேலே அதை எப்படி வைப்பது?

அதனால் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மனசு வீட்டில் இருந்தாலும் பெரிய மியூசியத்தின் பக்கம்தான் நிற்பேன். ஒரு குறையோடு. திருப்பிக் கொடுத்த பொருளின் இடத்தை மியூசியங்கள் பொதுவாக வேறொன்றால் நிரப்பிவிடும். அடுத்த மாதம் வருகிறவருக்கு அங்கே என்ன இருந்தது என்றே தெரியாது. நம்மிடமிருந்து களவு போனதற்குச் சட்டகம் மாட்டிவைக்கிறோம்; நம்மிடம் களவாக வந்து சேர்ந்ததற்கும் ஒரு காலிப் பீடம் வைக்கலாமே. சிலை போன கோவிலில் ஒரு பீடம் எத்தனையோ வருஷமாகக் காலியாகத்தானே கிடக்கிறது.