இளைப்பதில் ஒரு நியாயம்

“பத்துக் கிலோ குறைய வேண்டும். எந்த முறையில் குறைப்பது என்பது உங்கள் விருப்பம்” என்றார் வைத்தியர்.

முதல் வாக்கியம் எனக்கு அதிர்ச்சி தரவில்லை. வேட்டியின் முடிச்சு சில ஆண்டுகளாகவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரத்தத்தில் சர்க்கரை வரம்பைத் தாண்டிவிட்டது என்பது மட்டும் புதிய செய்தி. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் என் மனத்தில் சுற்றிச் சுற்றி வந்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான். ‘உங்கள் விருப்பம்.’ எவ்வளவு மரியாதையான சொல்! அந்தச் சொல்லுக்குள் ஒரு வழக்கே அடங்கியிருந்ததை நான் உணர்வதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

விருதுநகரில் இருந்துகொண்டு உணவைக் குறைப்பது கடற்கரையில் இருந்துகொண்டு காற்றைக் குறைப்பது போன்றது. எண்ணெயும் பருப்பும் மிளகாயும் வந்து குவிகிற வியாபாரத் தலம் இது. மாலை நேரத்தில் கடைத்தெருவில் நடந்தால், அகன்ற கல்லில் எண்ணெய் ததும்பப் பொரிகின்ற பரோட்டாவின் மணம் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும். தெற்கே போனால் சாத்தூர்ச் சேவு, மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. எந்தத் திசையிலும் தப்பிக்க வழியில்லை.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. மருமகன், கற்கால மனிதன் உண்டதைப் போல உண்ண வேண்டும் என்றான். இறைச்சி, முட்டை, வெண்ணெய், பாதாம் பருப்பு. சோறு கூடவே கூடாது. காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர், எதை வேண்டுமானாலும் உண்ணலாம், ஆனால் நாளில் பதினாறு மணி நேரம் வயிற்றைப் பூட்டி வைத்துவிட வேண்டும் என்றார். மூன்றாமவர் குதிரைவாலியும் சாமையும்தான் மோட்ச வழி என்றார். அவரவர் முறையை அவரவர் ஒரு மதம் போலப் பேசினார்கள். மற்ற முறைகளை நாடியவர்கள் வழி தவறியவர்கள்; அவர்களுக்காக இரக்கப்படலாம், அவ்வளவுதான்.

இந்தச் சண்டையைப் பொறுமையோடு அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 160 பேரை நான்கு பிரிவாக்கி, அப்போது புகழ்பெற்றிருந்த நான்கு உணவு முறைகளை ஓராண்டு பின்பற்றச் சொன்னார்கள். எந்த முறை என்பதைவிட, எடுத்த முறையில் எவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதே எடை குறைவதைத் தீர்மானித்தது. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு கொழுப்பைக் குறைக்கும் முறையையும் மாவுப்பொருளைக் குறைக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் ஒரு பிரிவினர் சராசரியாக 5.3 கிலோ குறைந்திருந்தார்கள்; மற்றவர்கள் 6 கிலோ. குறிப்பிடத்தக்க வித்தியாசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு பிரிவிலும் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் உண்டு. எடை கூடிப் போனவர்களும் உண்டு. முறைக்கும் முறைக்கும் இருந்த வேற்றுமையைவிட மனிதனுக்கும் மனிதனுக்கும் இருந்த வேற்றுமைதான் பெரிது.

இதையெல்லாம் படித்த பின்பும் நான் மருமகன் சொன்ன கற்கால வழியையே பிடித்துக்கொண்டேன். அறிவு ஒன்றைச் சொல்ல ஆசை வேறொன்றைச் செய்வது புதிதல்லவே. வேகமாக இளைக்கலாம் என்றான். அந்த ‘வேகமாக’ என்ற சொல் என்னை வாங்கிவிட்டது.

இளைத்தேன் என்பது வாஸ்தவம். மூன்று மாதத்தில் ஆறு கிலோ. பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி ஏற ஏற எனக்குள் வேறொன்று கனத்துக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சோறு வேண்டாம் என்று கையை மறித்துவிட்டு, பக்கத்து இலையில் இரண்டாவது முறை சாம்பார் கேட்பவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம் அல்ல, இளக்காரம். முன்பு எனக்கு இல்லாத குணம் அது.

வீட்டில் நடந்ததை நான் கவனிக்கவே இல்லை. எனக்கென்று தனிச் சமையல், வீட்டுக்கென்று ஒரு சமையல். இரண்டு அடுப்பிலும் நின்றவள் ஒருத்திதான். ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, என் மனைவி அடுக்களையில் தரையில் உட்கார்ந்து மதியத்துச் சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தாள். மணி பத்தரை.

“ஏன் இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தாய்?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு முன்னால் சோறு சாப்பிட்டால் உங்களுக்கு ஆசை வருமே என்று இருந்தேன்” என்றாள்.

முப்பது ஆண்டுகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உண்டவர்கள் நாங்கள். என் உடம்பு இளைத்ததற்கு அவள் தன் இராச் சாப்பாட்டின் நேரத்தையும் துணையையும் கொடுத்திருக்கிறாள். என் விருப்பத்துக்கு விலை கொடுத்தது நான் அல்ல.

ஆனாலும் நான் திருந்தியது அன்று அல்ல. சிவகாசிக்கு அருகே ஒரு கிராமத்தில் என் தங்கை இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, நாற்பத்தைந்து வயதிருக்கும், பட்டாசு ஆலையில் காகிதக் குழல் சுருட்டுகிறவள், திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். எத்தனை குழல் சுருட்டுகிறாளோ அத்தனைக்குத்தான் கூலி. விடியும் முன்பே ஆலை வண்டி வந்துவிடும். பெரும்பாலும் வெறும் வயிற்றோடு ஏறிவிடுவாள். இடையில் டீயும் பன்னும். மதியம் தூக்குச் சட்டியில் கொண்டுபோன சோறு. இரவு திரும்பி வந்து உலை வைத்து எல்லாரும் உண்டபின் வயிறு நிறையச் சோறும் ரசமும், படுக்கை.

பேச்சுவாக்கில் அவள் தன் இரத்தச் சர்க்கரையின் அளவைச் சொன்னாள். ஏறக்குறைய என்னுடைய எண்ணேதான்! அவளையும் எடை குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“என்ன தாயி, எந்த முறையில் குறைக்கப் போகிறாய்?” என்று கேட்டேன். என் புது வித்தையைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமே என்ற ஆசை.

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. “முறையா? சோத்தைக் குறைன்னு சொன்னாக அண்ணாச்சி. சோத்தைக் குறைச்சா வேற என்னத்தத் திங்க? அதைத்தான் அவுகளும் சொல்லல” என்றாள். குறை சொல்லும் தொனி இல்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாதாம் பருப்பு என்றா சொல்வது? தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு முதல் அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம். அது எத்தனையோ குடும்பங்களின் பட்டினியை ஒழித்த நல்ல காரியம். ஆனால் பருப்புக்கும் முட்டைக்கும் காய்கறிக்கும் பழத்துக்கும் காசு வேண்டும். அவற்றைச் சமைக்க நேரம் வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில் வயிற்றை நிரப்பும் பொறுப்பு முழுவதும் அரிசியின் தலையில் விழுகிறது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய பதின்மூன்று பேர் எடை போதாதவர்கள். பருத்தவனெல்லாம் பணக்காரன், மெலிந்தவனெல்லாம் ஏழை என்று கேலிச் சித்திரம் போட்ட காலம் போய்விட்டது. இல்லாமையும் ஒருவரைப் பருக்கச் செய்யும்.

எங்கள் இருவருக்கும் ஒரே நோய், ஒரே எண். எனக்குக் கிடைத்தது விருப்பம். அவளுக்குக் கிடைத்தது உபதேசம்.

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி. இத்தனை பேர் இப்படி உண்ணும் ஊரில், என்ன தின்று இளைக்கலாம் என்று ஒருவன் தேடிக்கொண்டிருப்பதே வெட்கக்கேடு அல்லவா? இளைப்பதற்கென்றே பணம் செலவழிப்பது ஏழையின் முகத்தில் அறைவது அல்லவா?

பிறகு நிதானமாக யோசித்தேன். என் தொந்தியால் எந்த ஏழைக்கும் பிரயோஜனம் இல்லை. நான் நோயாளியாகிப் படுத்தால் அந்தப் பெண்ணின் தூக்குச் சட்டியில் ஒரு முட்டை கூடிவிடப் போவதும் இல்லை. உடம்பைக் காப்பது கடமைதான். ஆகவே இளைப்பது குற்றம் அல்ல. எதைக் கொண்டு, யாரைக் கொண்டு, எந்த மனத்தோடு இளைக்கிறோம் என்பதில்தான் நியாய அநியாயம் இருக்கிறது.

உண்ணாமல் இருப்பதில் எத்தனை வகை என்பதை இந்த ஊர் நன்றாகவே அறியும். 1956-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி தியாகி சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. ஏறக்குறைய இரண்டரை மாதம் உண்ணாமல் இருந்து அக்டோபர் 13-ஆம் தேதி உயிர் நீத்தார். அப்போது முதலமைச்சராக இருந்தவரும் இதே ஊரில் 1903-இல் பிறந்த காமராசர். பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடக் கூடாது என்று அந்த ஆண்டுகளில்தான் அவர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பிக்கொண்டிருந்தார். ஒருவர் கொள்கைக்காகப் பசியை மேற்கொண்டார். ஒருவர் பிறர் பசியை நீக்கப் பாடுபட்டார். இவர்கள் நடுவே நடந்த அரசியல் வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. பசியைத் தங்கள் உடம்போடு நின்றுவிடும் சமாசாரமாக இருவருமே நினைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். நானோ மூன்று மாதமாக என் இடுப்பளவைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

பசி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து ஆறு மாத காலம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறியவே அந்தச் சோதனை. உடம்பில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் மனத்தில் உணவைத் தவிர வேறொன்றும் தங்கவில்லை. சமையல் புத்தகங்களைப் படித்தார்கள்; தட்டை நக்கினார்கள்; சிரிப்பை மறந்தார்கள். உண்ணத் தொடங்கிய பின் பலருக்கு முன்னிருந்ததைவிட அதிகமாகவே கொழுப்பு ஏறியது. உணவு திடீரென்று குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளும். செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். மனிதன் விரும்பி மேற்கொண்ட பட்டினியா, விதி தந்த பட்டினியா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எனக்கும் அதுவே நடந்தது. தீபாவளிக்குப் பிறகு கற்காலத்திலிருந்து மெல்ல நழுவினேன். குறைந்த ஆறில் நான்கு கிலோ திரும்பி வந்தது. இளக்காரம் மட்டும் திரும்பி வரவில்லை. அதற்குரிய தகுதி எனக்குப் போய்விட்டது. அதுவரையில் லாபம்தான்.

சிவகாசி வட்டாரத்தில் மருந்து என்றால் வெடிமருந்து. ஓர் அறையில் இன்ன அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, இத்தனை பேருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. அளவு மீறியதால் பறிபோன உயிர்களை இந்தப் பக்கத்து மக்கள் நன்கு அறிவார்கள். திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதுதான். முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் அளவோடு உண் என்பதே அதன் சாரம். எதை உண்பது என்ற பட்டியலை வள்ளுவர் நீட்டவில்லை. பட்டியல் ஊருக்கு ஊர், மடிக்கு மடி மாறும். அளவு எல்லோருக்கும் பொது.

இப்போது எனக்கென்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். நான் எடுத்த உணவு முறையைச் சாகும்வரை கடைப்பிடிக்க முடியுமா? அதற்காக வேறொருவர் தம் தட்டையோ தூக்கத்தையோ இழக்கிறாரா? அது பிறர் இலையைப் பார்த்து என்னை ஏளனம் செய்ய வைக்கிறதா? இந்த மூன்றிலும் தேறுகிற முறை எதுவானாலும் சரி, அதன் பெயர் எனக்கு முக்கியமில்லை.

வீட்டில் மறுபடியும் ஒரே சமையல். சோறு பாதியாயிற்று, கீரையும் பயறும் இரட்டிப்பாயின. அது எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். இரவு ஏழரைக்கு இருவரும் சேர்ந்து உட்கார்கிறோம். ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. யாரும் புகழவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி அப்படியே நிற்கிறது. அடுத்த முறை போனபோது, காலையில் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை, கொல்லையில் நிற்கும் முருங்கைக் கீரை, இராச் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னதாக என்று தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

“கடலை சரி அண்ணாச்சி, கீரையும் சரி. ராச் சோத்தை முன்னாடி திங்கணும்னா வண்டில்ல முன்னாடி வரணும்?” என்றாள்.

நியாயமான பேச்சு. வண்டி முன்னதாக வருவது அவள் விருப்பத்தில் இல்லை. அது யாருடைய விருப்பத்தில் இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, அவளுடைய மன உறுதியைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது?