தொலைவு யார் செய்த வினை?

திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக்கு வந்து திருச்செங்கோட்டில் தங்கியிருந்த காலத்தைப் பெரியபுராணம் சொல்கிறது. அது பனிக்காலம். உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் அப்படிக் காய்ச்சல் வருவது அந்த நிலத்தின் இயல்பு. சம்பந்தர் அதை மறுக்கவில்லை. நிலத்தின் இயல்பாகவே இருக்கட்டும், ஆனாலும் அது நம்மைத் தொடலாகாது என்று சொல்லித் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடுகிறார். காய்ச்சல் அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டு நீங்கியது என்று சேக்கிழார் முடிக்கிறார். அற்புதத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கை. பதிகம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். முன்வினைக்கு இந்த வினை என்று கணக்குச் சொல்லத் தெரிந்த நீங்கள், தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்ற பொருளில் அடியார்களையே அது கேட்கிறது. வினைக்கோட்பாட்டை முழுமையாக ஏற்ற ஒரு சமயம், அதைச் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதைக் கண்டித்திருக்கிறது.

இன்றும் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் இயல்பு இருப்பதாகப் பேசுகிறோம். மலையடிவார ஊரில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் நரம்பியல் மருத்துவர் இருக்க மாட்டார். கடற்கரைச் சிற்றூரில் சிறுநீரகம் கெட்டவருக்கு அதற்கான மருத்துவர் இரண்டு மாவட்டம் தள்ளி இருப்பார். "நம்ம ஊருக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டி பிடிக்கிறார்கள். தூரத்தைவிடக் கொடுமையானது திசை தெரியாமை. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லும் வாயிலிருந்து எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, யாரைப் பார்க்க வேண்டும் என்பது வருவதில்லை. மூட்டுவலியும் காய்ச்சலும் முகத்தில் சிவப்பும் சேர்ந்து வரும் ஒரு பெண் எலும்பு மருத்துவரிடம் போவதா, தோல் மருத்துவரிடம் போவதா என்பதை அவளே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. மூட்டுவாத நோய்களுக்கென்றே ஒரு சிறப்புத்துறை இருக்கிறது என்று யாரும் சொல்லாததால், ஸ்கேன் படங்களும் சீட்டுகளும் நிறைந்த பையோடு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறாள். இந்த அலைச்சலை என்னவென்று சொல்வது? விதி என்றா, அநீதி என்றா? விதி என்றால் ஆறுதல் சொன்னால் போதும். அநீதி என்றால் அதற்குப் பொறுப்பானவர்கள் இருந்தாக வேண்டும்.

இது அநீதிதான் என்பது என் துணிபு. இந்தத் தொலைவு மழைபோல வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு ஒழுங்கான ஒரு வடிவம் இருக்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரான கிளின்கோரக்கில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் லான்செட் இதழில் இதைத் தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று விளக்கினார்: நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கைக்கு விடப்படும் அளவுக்கு இந்த ஏற்றத்தாழ்வு கூடுகிறது. நம் நாட்டுக் கணக்கும் இதையே காட்டுகிறது. சமவெளியில் 1,20,000 பேருக்கும் மலைப்பகுதியில் 80,000 பேருக்கும் ஒரு சமுதாய நல மையம், அதில் அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள் நலம் என நான்கு சிறப்பு மருத்துவர்கள் என்பது விதிமுறை. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு ஊரக நலப் புள்ளிவிவரப்படி, இந்த மையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. ஐந்து நாற்காலியில் நான்கு காலி. ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் தற்செயல் எனலாம். நாடு முழுக்க, அதுவும் ஏழைகள் வாழும் பக்கமாகவே கிடந்தால் அது மனிதர் செய்த ஏற்பாடு.

மனிதர் செய்ததை மனிதரால் மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று சொல்லிய சமூகம் இது. பேறுகாலச் சாவைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்ட வீடுகள் எத்தனையோ. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்கள், சிக்கலான பிரசவத்தை எங்கே அனுப்புவது என்பதில் தெளிவு, கொண்டுசெல்ல 108 வண்டி ஆகியவை சேர்ந்ததால்தான் இது ஆயிற்று. கர்ப்பிணிக்கு ஊர் தாண்டியும் ஒரு வழி போடப்பட்டிருக்கிறது. அதே பெண்ணுக்கு ஐம்பது வயதில் கைகால் நடுங்கத் தொடங்கினால் அந்த வழி இல்லை. பிரசவத்துக்கு முடிந்தது இதற்கு முடியாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இங்கே சமயத்தின் பெயரால் ஒரு மறுப்பு எழும். நோயே வினைப்பயன் என்றால் மருத்துவர் கிடைக்காததும் அதன் பகுதிதானே என்பார்கள். வினைக்கோட்பாட்டை உருவாக்கிய மரபுகளே இவ்வளவு தூரம் போனதில்லை. சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் சீவகன் என்ற துறவி, மனிதர் படும் துன்பமெல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா என்று புத்தரிடம் கேட்கிறான். பித்தம், கபம், வாதம், இவை மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், கவனமற்ற நடத்தை, பிறர் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களை அடுக்குகிறார் புத்தர். எல்லாம் முன்வினைதான் என்பவர்கள் தம் அனுபவத்தையும் உலகம் அறிந்த உண்மையையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். சைவமும் தன் போக்கில் இதையே செய்ததைத் திருச்செங்கோட்டில் பார்த்தோம். இதற்கு மேலும் ஒன்று உண்டு. தன் துயரத்தை வினை என்று ஏற்றுக்கொள்பவர் அதிலிருந்து ஒரு திடம் பெறுகிறார். அந்தத் திடத்தை நான் மதிக்கிறேன், அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. பிறர் துயரத்தை வினை என்று தீர்ப்புச் சொல்பவர் தன் கடமையிலிருந்து நழுவுகிறார். ஒரே சொல் நோயாளியின் வாயில் பக்தியாகவும் அதிகாரியின் வாயில் கொடுமையாகவும் ஆவது இப்படித்தான்.

இன்னொரு மறுப்பு மருத்துவத்துக்குள்ளிருந்தே வருகிறது, அது நேர்மையானது. அரிய அறுவை சிகிச்சை செய்பவருக்குத் தொடர்ந்து நோயாளிகள் வந்தால்தான் கை தேறும். தாலுகாவுக்கு ஓர் இதய அறுவை மருத்துவரை அமர்த்தினால் மாதத்துக்கு ஒரு நோயாளியைப் பார்த்துத் திறமையை இழப்பார். ஆகவே சிறப்பு மருத்துவம் பெருநகரங்களில் குவிவது நோயாளிக்கே நல்லது என்பது வாதம். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் போய்ச்சேரும் பாரம் முழுவதும் நோயாளியின் தலையில் இருக்கக் கூடாது என்கிறேன். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அறுவை சிகிச்சையைப் பெரிய மருத்துவமனையில்தான் செய்கிறது. ஆனால் கிராமத்துக்கு முகாம் போகும். அறுவை தேவைப்படுபவரை அதுவே பேருந்தில் அழைத்துவந்து திருப்பிக் கொண்டுபோய் விடும். பின்னாளில் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, அங்குள்ள பணியாளர் கண்ணைச் சோதிக்க, தொலைவிலிருக்கும் மருத்துவர் திரைவழியே நோயாளியோடு பேச ஏற்பாடு செய்தது. திறமையை ஓரிடத்தில் குவிக்கலாம், வழியை எல்லா ஊருக்கும் போடலாம். அரசுக் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கிறது, பெரிய உதவிதான். எங்கே போவது என்பதை அது சொல்வதில்லை, துணைக்குப் போனவர் இழக்கும் கூலியையும் தருவதில்லை.

பணமில்லை என்ற பதிலை உச்ச நீதிமன்றம் 1996லேயே கேட்டுவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது வாழ்வுரிமையை மீறுவது என்றும், நிதி நெருக்கடியைக் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

மிஞ்சுவது மருத்துவரின் சுதந்திரம். பிள்ளைகளின் பள்ளி, வாழ்க்கைத்துணையின் வேலை எல்லாவற்றையும் விட்டு ஏன் சிற்றூருக்கு வர வேண்டும்? தியாகம் செய்யச் சொல்வது எளிது. ஆனால் தியாகிகள் வந்தால்தான் இயங்கும் என்றால் அந்த ஏற்பாட்டிலேயே கோளாறு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டு மருத்துவமனை ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கை, ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை எனும் அறுவை செய்யும் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள், ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு, இரவெல்லாம் விளக்கு எரிய எண்ணெய், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். அது கோயில் பணியாளர்களுக்கும் அங்கே வேதம் பயின்ற மாணவர்களுக்கும் உரியது. ஊர் முழுவதும் அதில் இல்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்லில் மருத்துவரின் கருணைக்கு வேண்டுகோள் கிடையாது. அவர் அங்கே குடியிருந்து பிழைக்க என்ன வேண்டுமோ அது எழுதப்பட்டிருக்கிறது. நம் காலத்தில் இதற்கு நெருங்கியது அரசுப்பணி மருத்துவர்களுக்கான மேற்படிப்பு இடஒதுக்கீடு. கிராமத்தில் வேலை பார்த்தவருக்குச் சிறப்புப் படிப்பில் இடம், படித்தபின் அரசு மருத்துவமனையில் பணி என்பது நியாயமான கொடுக்கல் வாங்கல். சில ஆண்டுகள் முடங்கிய அதை, மாநிலங்கள் வழங்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரம், நீலகிரி, அரியலூர் உள்ளிட்ட 11 இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கட்டடம் எழுந்துவிட்டது, ஒவ்வொரு துறைக்கும் ஆள் வந்து, வந்தவர் தங்குவதற்கு வீடும் பதவி உயர்வும் கிடைக்க வேண்டியது பாக்கி.

சமய நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோற்றோடு மருந்தும் கிடைத்தது. இன்று மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் பெரிய மருத்துவமனை வாசல்களில் வெளியூர் நோயாளிகளின் உறவினர்கள் நடைபாதையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அதே நகரங்களில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் தர்காக்களுக்கும் இடமும் அன்னதானக் கூடமும் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் மருத்துவமனைக்கு அருகே ஒரு தங்குமிடம் நடத்தலாம். எந்த நோய்க்கு எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எந்த அறை என்று எடுத்துச்சொல்ல விவரம் தெரிந்த ஒருவரைக் காலை ஆறு மணியிலிருந்து அங்கே உட்காரவைக்கலாம்.