சவாரியின் வினை யாருடையது?

டாக்ஸி ஓட்ட மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கும் ஓட்டுநர் கேட்பவை எல்லாம் கணக்குக் கேள்விகள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், ஏ.சி. போட்டால் எவ்வளவு குறையும், மாதத் தவணை கட்டியபின் கையில் ஏதாவது மிஞ்சுமா, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழைய வண்டியானால் யார் வாங்குவார். பிழைப்பைப் பணயம் வைக்கிறவர் இவற்றைக் கேட்காமல் இருந்தால்தான் தவறு. இந்தக் கணக்கோடு விற்பனையாளர்கள் இலவசமாகச் சேர்த்துத் தருவது ஒரு நற்சான்று: இது தூய்மையான வண்டி. அதைச் சொன்ன வாய் மூடுவதற்குள் மறுப்பும் வந்துவிடும். பேட்டரிக்குத் தோண்டிய சுரங்கத்தை என்ன செய்வது, மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது? பார்வைக்கு இது தொழில்நுட்பச் சண்டை. அடியில் கிடப்பது பழைய சமயக் கேள்வி. நான் செய்யாத, நான் கண்ணால் பார்க்காத, எனக்கு முன்பே நடந்து முடிந்த ஒரு தீங்கின் விளைபொருளைக் காசு கொடுத்து வாங்கினால், அந்தத் தீங்கு என் கணக்கில் ஏறுமா? தமிழில் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து வாதிட்டிருக்கிறார்கள். சமண நூலான நீலகேசியில் பௌத்தர் தரப்பு சொல்வது இது: கொன்றவன் வேறு, கடையில் விற்ற இறைச்சியை வாங்கித் தின்றவன் வேறு, கொலை எண்ணம் இல்லாதவனுக்குக் கொலைப் பழி இல்லை. நூலின் நாயகி நீலகேசி விடுவதில்லை. வாங்குகிறவன் இருப்பதால்தான் அங்கே கத்தி எடுக்கப்படுகிறது என்கிறாள்.

வண்டியைப் பற்றியே சமணர்கள் நேராகப் பேசியும் இருக்கிறார்கள். உபாசகதசா என்னும் ஆகம நூல் (சுவேதாம்பரருடையது, தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்) இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய தொழில்கள் என்று பதினைந்தைப் பட்டியலிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் அதை விரித்து விளக்கினார். கரி சுட்டு விற்றல், நிலத்தைத் தோண்டிப் பிழைத்தல், ஏரி குளங்களை வற்றச் செய்தல், வாடகைக்கு வண்டி ஓட்டிச் சம்பாதித்தல் ஆகிய நான்கும் அந்தப் பதினைந்தில் உண்டு. மின்சார டாக்ஸியை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. வண்டி ஓடுவது வாடகைக்கு. அதற்கு மின்சாரம் தரும் அனல் நிலையம் எரிப்பது நிலக்கரி. பேட்டரியின் செம்பு நிலத்தைத் தோண்டி எடுத்தது. அதன் லித்தியத்தில் ஒரு பங்கு சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் உவர்நீரை இறைத்து வெயிலில் வற்றவைத்துக் கிடைப்பது. நான்கு விலக்குகளும் ஒரே வண்டியில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆனால் உபாசகதசாவின் முதல் அத்தியாயத்தில் மகாவீரரிடம் விரதம் ஏற்கும் ஆனந்தன் என்ற செல்வன், தொலைதூரம் போக ஐந்நூறு வண்டி, சரக்கு இழுக்க ஐந்நூறு வண்டி, அதற்குமேல் வைத்துக்கொள்வதில்லை என்று எல்லை வகுத்துக்கொள்கிறான். ஆயிரம் வண்டிகளோடு ஒரு விரதி! சிரிக்கத் தோன்றும். ஆனால் இல்லறத்தானிடம் அந்த மரபு கேட்டது கறையே இல்லாத வாழ்வை அல்ல, எல்லை போட்ட வாழ்வை என்பது இங்கே தெளிவாகிறது.

பௌத்தத் தரப்பை நீலகேசியின் வாயால் மட்டும் கேட்பது நியாயமில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் இந்த வழக்கு நேராகவே வருகிறது. உடலால் செய்வதே கனமான வினை என்று நிகண்டர்கள் (சமணர்கள்) சொல்ல, மனத்தால் செய்வதே கனமானது என்று புத்தர் மறுக்கிறார். நடக்கும்போது காலடியில் அறியாமல் நசுங்கும் உயிர்களுக்கெல்லாம் ஒருவன் கொலைகாரன் ஆவானென்றால், அடி எடுத்து வைப்பதே முடியாத காரியம். இந்த வாதத்துக்கு இன்றும் வலு உண்டு. வளையமாதேவியில் 2023 ஜூலையில் நெற்பயிர் நின்ற நிலத்தின்மேல் நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் மண்வாரி எந்திரங்கள் ஓடியதற்கு (முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம்), சென்னையில் இரவு வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறவரைப் பொறுப்பாக்க முடியுமா? முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எண்ணம் மட்டுமே வினை என்றால், புகையைக் குறைக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல், டீசல் செலவு மிச்சம் என்பதற்காகவே மின்சாரக் கார் வாங்கிய ஓட்டுநருக்கு அறத்தில் எந்தப் பங்கும் இல்லாமல் போகும். நல்லெண்ணத்தோடு ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு பெரிய மின்சாரக் கார் வாங்கி நிறுத்தி வைத்திருப்பவர் புண்ணியவானாகிவிடுவார். உள்ளத்தை அளக்கும் கோல் இது. எண்ணூரில் அனல் நிலையச் சாம்பல் கரைந்த கழிமுகத்தில் வலை வீசுகிறவருக்கு இதனால் சொல்ல ஒன்றும் இல்லை. விளைவுகளை அளக்க வேறு கோல் வேண்டும்.

விளைவை ஓரளவு அளக்க முடியும். நகரத்தில் ஓடும் ஒரு சிறிய மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.15 யூனிட் எடுக்கும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்திக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. கம்பியில் இழக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 120 கிராம் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் என்று வைத்து, எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும் செலவையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு 160 கிராமுக்குப் பக்கம். மிச்சம் நாற்பது கிராம்தான். விளம்பரம் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. எதிர்ப்பவர்கள் சொல்வதுபோல் பூஜ்யமும் அல்ல. ஒரு சிறிய பேட்டரியைச் செய்யும்போதே இரண்டு டன் அளவில் வாயு வெளியாகிவிடுகிறது என்று கொண்டால், அந்தக் கடன் தீர ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளைக்கு இருநூறு கிலோமீட்டர், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடும் டாக்ஸி இதைப் பத்து மாதத்தில் தீர்த்துவிடும். ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓடும் சொந்தக் காருக்கு ஐந்து ஆண்டு ஆகும். இவை தோராயமான எண்கள். வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் மாறும். மின்தொகுப்பில் காற்றும் வெயிலும் கூடக்கூட நாட்கள் குறையும். ஆனால் டாக்ஸிக்கும் சொந்தக் காருக்கும் உள்ள விகிதம் எப்படிக் கணக்குப் போட்டாலும் மாறாது. வாடகைத் தொழிலைப் பழைய பட்டியல் விலக்கி வைத்தது. மின்சார வண்டியின் பிறவிக் கடனை வேகமாக அடைப்பதோ அதே வாடகைத் தொழில். பட்டியல் போட்டவர்களுக்கு மாட்டின் முதுகு தெரியும், ஒட்டகத்தின் கால் தெரியும். உற்பத்தியிலேயே வினையின் ஒரு பங்கு முடிந்துவிடும் ஒரு பண்டத்தை அவர்கள் கண்டதில்லை.

எந்த வண்டி என்ற கேள்விக்கு இதிலிருந்தே விடை வருகிறது. இல்லறத்தான் செய்யும் தீங்கைச் சமணர் நான்காகப் பிரிப்பதுண்டு: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவது அறவே கூடாது. தொழிலில் நேர்வது தவிர்க்க முடியாதது, ஆனால் தொழிலுக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது. தேவையைத் தாண்டுவது எது என்று பேட்டரி அளவில் பார்த்துவிடலாம். டாக்ஸிக்கென்றே டாடா 2021இல் கொண்டுவந்த எக்ஸ்பிரஸ்-டி வண்டியில் அப்போது பெரிய பேட்டரியே 21.5 கிலோவாட்-மணி. இந்தியாவில் வாடகைக்கு ஓடும் பி.ஒய்.டி. ஈ6இல் 71.7, மூன்று மடங்குக்கும் மேல். விமான நிலையத்துக்கும் வெளியூருக்கும் பெட்டி படுக்கையோடு ஆள் ஏற்றுகிறவருக்குப் பெரியது தேவையாக இருக்கலாம். நகருக்குள் குறுஞ்சவாரி அடிப்பவர், சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயத்துக்காக மட்டும் பெரிய பேட்டரியைச் சுமந்தால், ஒரு சுரங்கத்தையே டிக்கியில் போட்டுக்கொண்டு அலைவது போல. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை வேகச் சார்ஜ் ஏற்றினால் சிறிய பேட்டரி போதும். பேட்டரியின் வகையும் முக்கியம். உலகில் எடுக்கும் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. கைகளால் தோண்டும் குழிகளில் சிறுவர்கள் வேலை செய்வதை ஆம்னெஸ்டி 2016இல் ஆவணப்படுத்தியது. மேலே சொன்ன பி.ஒய்.டி. ஈ6இல் இருப்பது இரும்பு-பாஸ்பேட் வகை. அதில் கோபால்ட் இல்லை. லித்தியம் இருக்கிறது, உப்புப் படுகை இருக்கிறது, அந்த வினை ஒழியவில்லை. ஆனாலும் வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் மாறுவான் என்ற நீலகேசியின் வாதம் இந்த இடத்தில் செல்லுபடியாகிறது.

இவ்வளவும் ஓட்டுநரை வாங்குகிறவராகக் கொண்டு பேசியது. இந்த விவாதங்கள் எல்லாம் வழக்கமாக வந்து நிற்பதும் இங்கேதான். எனக்கு இது பாதி வழி. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரம் விலைக்கு விற்பவனைப் பேசும் இடத்தில், தின்பவர்கள் இல்லாவிட்டால் விற்பவன் இருக்க மாட்டான் என்று பொறுப்பைத் தின்பவர் பக்கம் திருப்புகிறது. சந்தை என்ற ஒன்றை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட அறநூல் வாதம் எனக்குத் தெரிந்து குறைவு. அதை டாக்ஸிக்குப் பொருத்தினால் ஓட்டுநர் எங்கே நிற்கிறார்? அவர் வண்டியை வாங்கினாலும் கிலோமீட்டர்களை விற்கிறவர். கிலோமீட்டர்களைத் தின்கிறவர் பின்சீட்டில் இருக்கிறார். ஆகவே எந்தக் கார் தேர்ந்தெடுப்பது என்ற அறக் கேள்வியை ஓட்டுநரின் தலையில் மட்டும் இறக்குவது, இறைச்சி தின்று ஏப்பம் விட்டவர் கசாப்புக்காரருக்கு உபதேசம் செய்வதற்குச் சமம். தேர்வு செய்யும் வல்லமை யாருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் வினையின் பங்கும் இருக்க முடியும். வாடகை வீட்டில் குடியிருந்து தெருவில் வண்டி நிறுத்தும் ஓட்டுநருக்குச் சொந்தச் சார்ஜிங் புள்ளி கிடையாது. பொதுச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டு மின்சாரத்தைவிட அதிகம். வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு டிரிப் போய்விடும். தவணையோ ஐந்தாம் தேதி வந்து நிற்கும்.

பயணிக்கு எங்கே தேர்வு இருக்கிறது, செயலி அனுப்புகிற வண்டியில்தானே அவர் ஏற முடியும் என்று கேட்கலாம். ஓரளவு சரி. எந்த வண்டி வரும் என்பது அவர் கையில் இல்லாதபோது அவர் பங்கு குறையும். ஆனால் விலை அவர் கையில் இருக்கிறது. இரண்டு செயலிகளைத் திறந்து பத்து ரூபாய் குறைவானதைத் தொடுகிறவர், சார்ஜில் நிற்கும் நேரத்துக்குக் கட்டணத்தில் இடமில்லாமல் செய்கிறவர்களில் ஒருவர். ஒருவர் மாறுவதால் என்ன ஆகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. அதற்கான பதில் இறைச்சி வாதத்திலேயே இருக்கிறது: எந்தத் தனி வாங்குகிறவருக்காகவும் ஆடு வெட்டப்படுவதில்லை, எல்லாருக்காகவும்தான் வெட்டப்படுகிறது. அந்த எல்லாரில் தான் இல்லை என்று யாரும் தனித்தனியாகத் தப்பிக்க முடியாது. பொறுப்பை நிறுவனங்கள் ஏற்கட்டும் என்பது கொஞ்சம் கனமான மறுப்பு. ஏற்க வேண்டும்தான். ஆனால் மின்சாரக் கார்களை மட்டுமே ஓட்டிய புளூஸ்மார்ட், டெல்லி வட்டாரத்திலும் பெங்களூரிலும் 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்தியபோது நடந்ததைப் பார்க்க வேண்டும். அதனோடு தொடர்புடைய ஜென்சால் நிறுவனம் 6,400 வண்டிகள் வாங்கப் பெற்ற கடனில் 4,704 வண்டிகளே வாங்கப்பட்டன என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தன் இடைக்கால ஆணையில் சொன்னது. சேவை நின்றதும் சொந்த வண்டி இல்லாத ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் வேலையிழந்தார்கள். பயணிகள் அடுத்த செயலிக்கு மாறிக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயரில் வைத்த பொறுப்பு நிறுவனம் நின்ற நாளில் ஓட்டுநர் வீட்டு அடுப்பில் வந்து விழுகிறது.

மிகக் கடுமையான மறுப்பு வேறு திசையிலிருந்து வருவது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சமணத் துறவி எந்த வண்டியிலும் ஏறுவதில்லை; பார்த்துப் பார்த்து அடி வைத்து நடக்கிறார். அந்த அளவுகோலில் மின்சார டாக்ஸியும் டீசல் டாக்ஸியும் ஒரே வரிசை, மாநகரப் பேருந்தும் மெட்ரோவும் தீங்கில் கொஞ்சம் குறைவு. முதியவர், நோயாளி, நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்பும் பெண் ஆகியோருக்கு டாக்ஸி தேவை என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் பகல் நேரத்துச் சவாரிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மூன்று கிலோமீட்டர் போக ஒருவர் வண்டி கேட்க, நான்கு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வண்டி காலியாக ஓடி வருகிறது. அந்த நான்கும் ரசீதில் இருப்பதில்லை. அதற்கு மின்சாரம் ஓட்டுநர் காசு, எரிந்த கரி எண்ணூர்க்காரர் காற்று. வண்டி எதுவாக இருந்தாலும் அந்தப் பயணியின் கணக்கில் ஏற வேண்டியது ஏழு கிலோமீட்டர்.