தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கேரளத்தின் மறையூர் மழைமறைவு நிலம். மூணாறில் கொட்டும் மழையில் சிறு பங்குதான் இங்கே வந்து சேரும். சந்தன மரத்துக்கு உகந்த அந்த வறண்ட காற்று, கொல்லையில் நிற்கும் அவரைக்கொடியின் அசுவினிப் பூச்சிக்கும் உகந்ததாகிவிடுகிறது. அடித்துக் கழுவிவிட மழையில்லாத நாட்களில் தளிர், மொட்டு, பிஞ்சு என்று இளசான இடமெல்லாம் கருப்பாக அப்பிக்கொள்ளும். சாறு போன இலை சுருளும், பூ உதிரும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சணம் படரும்; அந்த இனிப்புக்காகவே எறும்பு வந்து காவல் நிற்கும். பெண் அசுவினி, ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் ஈனத் தொடங்கிவிடும். செடி வைத்தவர் பதறுவது இயல்பே.

அந்தப் பதற்றத்தில்தான் கை நஞ்சைத் தேடிப் போகிறது. இதே கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்கள்மீது 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்தது. அந்த மருந்தால் நோயுற்ற பிள்ளைகளின் உடம்பை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. மறையூர்க்காரர்களுக்குக் கூடுதல் பொறுப்பும் உண்டு. இங்குள்ள பாம்பாறு கிழக்கே பாய்ந்து அமராவதி அணைக்குப் போகிறது. நம் பாத்தியில் ஊற்றியது நம்மோடு நின்றுவிடாது.

வீட்டிலேயே வழி இருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள்; கீழே விழுந்த அசுவினிகளில் பெரும்பாலானவை செடி ஏறித் திரும்புவதில்லை. மொய்த்த நுனியைக் கிள்ளி எறியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேருங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும். இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்து தேனீக்கள் திரும்பிய பிறகு மற்ற இலைகளுக்கு அடியுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சிய தளிரில்தான் அசுவினி பெருகும்.

ஆனால், வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. புகையிலைக் கரைசலும் இலையில் விளைந்ததுதான். அதிலுள்ள நிகோடின் கடும் நஞ்சு. சோப்புக் கரைசலும் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று ஆள் பார்த்துக் கொல்லாது.

ஆகவே தெளிப்பானை எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே, கறுத்த உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலைபோல ஒரு புழு ஊரும். அது பொறிவண்டின் குஞ்சு. ஒரு நாளில் பத்துக்கணக்கான அசுவினிகளைத் தின்னும் அதைத்தான் பலர் பூச்சியென்று நசுக்கிவிடுகிறார்கள். அது இருக்கும் கொடியை இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள். அசுவினி அடியோடு அழிந்த தோட்டத்தில் பொறிவண்டுக்கு இரை இல்லை. அது போய்விட்டால், அடுத்து வரும் அசுவினியைத் தின்ன யாரும் இல்லை.

அறிவது முதலில், பொறுப்பது அடுத்து, தெளிப்பது கடைசியில். தன் இலைகளில் சிலவற்றைப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாதவர், எந்தக் கரைசலைக் கையில் எடுத்தாலும் இயற்கை விவசாயி ஆகமாட்டார்.