ஒதுக்கியதும் பதுக்கியதும்

காணியில்லாத ஒருவனிடம், "இந்தக் காணியை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இயற்கையைப் பேணுவது பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அவற்றை எழுதுவோரும் வாசிப்போரும் தமக்கென்று ஒரு துண்டு நிலமாவது உள்ளவர்களாக இருப்பது அதற்குக் காரணமாகலாம். திம்புள்ளப் பகுதியில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் எம் போன்றோருக்கு இதைக் கடந்து செல்ல வழியில்லை.

திம்புள்ளயின் தேயிலை மலைகளுக்குத் தென்கிழக்கே, அக்கரப்பத்தனையும் டயகமவும் முடியும் இடத்துக்கு மேலே விரிந்து கிடக்கிறது ஹோர்ட்டன் சமவெளி. சிங்கள மக்கள் அதை 'மஹ எலிய' என்பர். பெருவெளி என்று பொருள். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீற்றருக்கு மேல், ஏறக்குறைய 3160 ஹெக்டயர் நிலம். 1988 இல் அது தேசிய பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அங்கே செல்பவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: நடப்பது. சுமார் ஒன்பதரை கிலோமீற்றர் நீளமான வட்டப் பாதை அது. வாயிலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனைக் களைந்துவிட்டே உள்ளே விடுகிறார்கள். பிறகு புல்வெளி. கருங்கல் என்றே நாம் அழைக்கும் பழம்பாறைகள் புல்லைப் பிளந்துகொண்டு தலை காட்டுகின்றன. காற்றுக்கு வளைந்து குறுகிய மரங்கள் ஓரங்களில் நிற்கின்றன. வெளியில் ஒதுங்க நிழலில்லை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். சிறிய உலக முடிவைத் தாண்டி உலக முடிவுக்கு வந்தால், காலடியில் 880 மீற்றர் ஆழம். காலை பத்து மணியானால் மூடுபனி அதையும் மறைத்துவிடும். பின்னர் பேக்கர் நீர்வீழ்ச்சி. இந்த மலைகளில் யானைகளையும் மரைகளையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயர் அது. மரைகள் இன்றும் மேய்கின்றன, யானைகள் இல்லை. ஒரு புல்லையும் பறிக்காமல், ஒரு கல்லையும் எடுக்காமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

ஒன்பதாம் தர மாணவர்களை அங்கு அழைத்துச் சென்ற ஓர் ஆண்டில், லயத்துப் பிள்ளையொருத்தி கேட்டாள்: "சேர், இவ்வளவு காணி சும்மா கெடக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் எடமில்ல?" மறுநாள் அவளே வகுப்பில் கணக்கும் போட்டாள். 3160 ஹெக்டயர் என்பது ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம் பேர்ச்சஸ். தோட்டக் குடும்பங்களுக்குத் தருவதாக அப்போது பேசப்பட்டது ஏழு பேர்ச்சஸ். வகுத்தால் ஓர் இலட்சத்து எழுபத்தெட்டாயிரம் வீட்டு மனைகளுக்கு மேல் வருகிறது. கணக்கில் பிழையில்லை.

நீரைக் காட்டி விடை சொல்வது எளிது. அந்த வெளி சும்மா கிடக்கவில்லை. அதன் காடுகள் மூடுபனியிலிருந்தே நீரை வடித்தெடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கே தலைநீர் பிறக்கிறது. ஆக்ர ஓயா அங்கிருந்துதான் அக்கரப்பத்தனைக்கு இறங்கி, கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலிக்குப் போகிறது. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாற் திறன் கொண்டது. அதைச் சுழற்றுவதில் அந்தப் பனிக்கும் பங்குண்டு.

இது உண்மை, ஆனால் பாதி விடை. நன்மையைச் சொல்கிறது, விலை கொடுத்தவர் யாரென்று சொல்லவில்லை. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளில் கை வைக்க வேண்டாம் என்று 1873 இல் ஆலோசனை கூறினார். அந்தக் கோடு முழுமையாகக் காக்கப்படவில்லை. நுவரெலியாவில் ஆறாயிரம் அடியிலும் தேயிலை நிற்கிறது. என்றாலும் பெருவெளி தப்பியது. கோட்டுக்குக் கீழே காடு வெட்டி, கோப்பி நட்டு, அது நோயில் அழிந்தபின் தேயிலை நட்டவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது. பெருவெளிக்குப் பூங்கா என்ற காவல் கிடைத்த அதே 1988 இல்தான், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்க ஒரு விசேட சட்டம் வந்தது. அதுவும் போதாமல் 2003 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. மரைக்கும் மனிதனுக்கும் ஒரே ஆண்டில் சட்டம் வந்தது. மரைக்கு மட்டும் இடமும் சேர்ந்து கிடைத்தது.

இவ்விடத்தில் எமது மரபில் உள்ள 'ஹிமா' என்ற ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. ஹிமா என்பது ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். இஸ்லாத்துக்கு முந்திய அரேபியாவில் குலத்தலைவர்கள் நல்ல புல்வெளிகளைத் தமக்கென வளைத்துக்கொள்வதற்கு அதுவே பெயர். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். பொதுநன்மைக்காக ஒதுக்குவதை மட்டுமே ஏற்றார்கள். பின்னர் உமர் (ரழி) ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைக் காவலராக நியமித்தபோது கூறிய அறிவுரை புஹாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவனை உள்ளே விடு. இப்னு அவ்ப், இப்னு அப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளை விடாதே என்பது அதன் சாரம். காரணமும் சொன்னார்கள்: செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு, ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான்.

வேலி வேண்டாம் என்று உமர் சொல்லவில்லை. வேலியில் நிற்பவன் யாரைத் தடுக்கிறான் என்பதையே பார்த்தார்கள். ஒதுக்குவதும் பதுக்குவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் நிலம் பூட்டப்படுகிறது. எல்லோருக்காகவும் பூட்டினால் ஒதுக்கல், சிலருக்காகப் பூட்டினால் பதுக்கல். இந்த அளவுகோலால் பார்த்தால், உள்ளே யாரும் எதையும் எடுக்க முடியாத பெருவெளி ஒதுக்கலின் பக்கமே நிற்கிறது. அங்கே செல்வந்தனும் ஒன்பதரை கிலோமீற்றர் நடந்து வெறுங்கையோடுதான் திரும்புகிறான்.

நாளை அந்த வேலி விழுந்தால் முதலில் நுழைவது யார்? லயத்துக் குடும்பமா? அல்ல. உலக முடிவைப் பார்த்தபடி தேநீர் அருந்த ஹோட்டல் கட்டுபவன் நுழைவான். லயத்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லித் திறக்கப்படும் கதவு வேறு யாருக்கோ திறக்கும். அவளுக்கு மீண்டும் எஞ்சுவது சரிவுகளே. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்தச் சரிவில் லயம் கட்டும் முடிவு அங்கு வாழ்ந்தவர்களுடையதல்ல.

ஆகவே, மரையையும் மாணவியையும் எதிரெதிரே நிறுத்தும் வாதத்தை நாம் ஏற்கத் தேவையில்லை. இருவருக்கும் இடம் மறுத்தது ஒரே பேராசைதான். ஆனால் பெருவெளியைக் காக்கச் சொல்லும் எவருக்கும் ஒரு கடன் உண்டு. மேலே தொடாதே என்று சொல்பவர், கீழே கொடு என்றும் சொல்ல வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் மலையில், நான்கைந்து தலைமுறை உழைத்தும் தமக்கென ஒரு கூரை இல்லாதவர்களிடம் இயற்கையைப் பற்றி மட்டும் உபதேசிப்பது அறமாகாது.

அந்த மாணவிக்கு ஓர் ஆசிரியன் நேர்மையோடு சொல்லக்கூடிய விடை இதுதான்: உன் கணக்கு சரி, பிள்ளை. எடுத்துக்கொண்ட காணிதான் வேறு. அதே கணக்கைக் கோட்டுக்குக் கீழே, உன் பாட்டி கொழுந்தெடுத்த மலையில் போட்டுப் பார்.